தினமும் நடக்கிறேன், ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 66 வயசு. கடலூர் புதுப்பாளையத்துல இருக்கேன். பி.பி., சுகர் ரெண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற பொண்ணு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்துடுது. விடியக்காலையில எழுந்து மஞ்சக்குப்பம் மைதானத்துல முக்கால் மணி நேரம் நடக்கறேன். ஞாயித்துக்கிழமைன்னா பக்கத்து வீட்டு அம்மாவோட தேவனாம்பட்டினம் பீச். மழை கொட்டினாத்தான் லீவு. சுகர் நல்லா கட்டுல இருக்குன்னு டாக்டரும் சொல்றார்.

பிரச்சினை வேற. தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல. கட்டிலைப் பிடிச்சு, சுவத்தைப் பிடிச்சு, யாராவது கை குடுத்து, அப்புறம்தான் எழும்பறேன். போன மார்கழியில முக்காலி போட்டு உட்கார்ந்து கோலம் போட்டேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. "ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம் அத்தை"ன்னா மருமக. ஒட்டியாச்சு. சரி, கோலம் போனாப் போகுது. திருவந்திபுரம் போனா ஹயக்ரீவர் மலைக்கு 74 படி இருக்கே, அதை விட முடியுமா? ஏறிடறேன். இறங்கும்போதுதான் முட்டி வெடவெடன்னு நடுங்குது. பேத்தி தோளைப் பிடிச்சுக்கிட்டே இறங்கறேன். அவளுக்கு வயசு பன்னெண்டு, எத்தனை நாளைக்குக் கூட வருவா?

எக்ஸ்ரே எடுத்தாச்சு. வயசுக்கேத்த தேய்மானம்தான், ஆபரேஷன் தேவையில்லன்னு அனுப்பிட்டாங்க. அப்போ என்னதான் தேவைன்னு யாரும் சொல்லல. பையன் பெங்களூர்லேருந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். 10,000 அடி நடக்கலன்னா ராத்திரி எட்டு மணிக்குக் கையை உலுக்குது, சாப்பாட்டுத் தட்டோட உட்கார்ந்திருக்கும்போது. வாட்சப்ல ஒருத்தர் எட்டு போட்டு நடங்கன்றார், இன்னொருத்தர் மணல்ல வெறுங்கால்ல நடங்கன்றார். இன்னும் அதிகமா நடக்கணுமா, வேற ஏதாவது செய்யணுமா? ஜிம்முக்குப் போன்னு மட்டும் சொல்லிடாதீங்க, புடவையோட அங்க போய் நிக்க என்னால ஆகாது.

நெல்லிக்குப்பத்தான்:

அம்மா, வெறும் வயித்துலயா நடக்கறீங்க? நான் மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கறவன், அதனாலதான் கேக்கறேன். சுகருக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடறீங்கன்னா பெரும்பாலும் பயமில்ல. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கறவங்களுக்கு வெறும் வயித்துல நடந்தா சுகர் சட்டுனு கீழ இறங்கிடலாம். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண்ணு மங்கும். மைதானத்துல அப்படி ஆனவங்களைப் பார்த்திருக்கேன். எப்போ மாத்திரை, எப்போ நடைன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. முந்தானையில நாலு மிட்டாய் முடிஞ்சுக்குங்க.

முட்டி விஷயம் எனக்குத் தெரியல. எங்கம்மாவும் இப்படித்தான், அவங்களுக்கு நாற்காலி வாங்கிப் போட்டுட்டோம். வயசானா அப்படித்தானே?

ஓய்வுபெற்ற நர்சம்மா:

நெல்லிக்குப்பம் தம்பி சுகரைப் பத்திச் சொன்னது சரி. "வயசானா அப்படித்தானே"ன்னது சரியில்ல.

தங்கச்சி, எனக்கு 72. திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன். அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. நடக்கறதைக் குறைக்க வேணாம். ஆனா இந்த விஷயத்துக்கு நடையைக் கூட்டியும் பிரயோஜனமில்ல. நடை நெஞ்சுக்கு நல்லது, சுகருக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனா சமதரையில நடக்கும்போது முட்டி கொஞ்சம்தான் மடங்குது, தொடைக்குப் பெருசா வேலை இல்ல. தரையிலேருந்து எழும்பணும்னா உங்க உடம்பு எடையைத் தொடையும் பிட்டமும் சேர்ந்து தூக்கணும். அந்த வேலையைக் குடுக்காம விட்டா அங்க சதை வத்திடும். முக்கால் மணி நேரம் நடக்கறவங்களுக்கும் வத்தும்.

நம்ம வயசுக்காரங்களுக்கு முன்னாடி பயிற்சின்னு தனியா ஒன்னு வேண்டியிருக்கல. அரிவாமணைக்கு உட்கார்ந்தோம், அம்மிக்கு உட்கார்ந்தோம், பாயை விரிச்சுப் படுத்தோம், கக்கூஸும் குத்துக்கால் போட்டுத்தான். நாள் பூரா உட்கார்ந்து எழுந்த உடம்பு. மேடை அடுப்பு, மிக்சி, கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வந்ததும் அந்த வேலை போயிடுச்சு. அதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லல, என் வீட்லயும் எல்லாம் இருக்கு. போன வேலையை வேற வழியில கொண்டுவரணும், அவ்வளவுதான்.

முதல்ல ஒரு சோதனை. கையில்லாத நாற்காலியை சுவத்தோட ஒட்டிப் போடுங்க. உட்கார்ந்து, ரெண்டு கையையும் மார்புல குறுக்கா கட்டிக்குங்க. மருமகளை 30 செகண்ட் பாக்கச் சொல்லி, அதுக்குள்ள முழுசா எழுந்து உட்கார எத்தனை தடவை முடியுதுன்னு எண்ணுங்க. 65லேருந்து 69 வயசுப் பெண்களுக்கு 11-க்குக் கீழ வந்தா கால்ல பலம் பத்தல, விழற ஆபத்து இருக்குன்னு கணக்கு. கையை ஊன்றாம ஒரு தடவைகூட எழ முடியலன்னாலும் பயப்பட வேணாம், அங்கேருந்துதான் ஆரம்பம்.

வைத்தியமும் இதே நாற்காலிதான். முடியலன்னா மேல ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்குங்க. எழுந்திருங்க, அப்புறம் உட்காரும்போது "தொப்"புனு விழாம, மனசுக்குள்ள நாலு எண்ணிக்கிட்டே இறங்குங்க. விஷயமே இந்த இறங்கறதுலதான் இருக்கு. ஹயக்ரீவர் படியில முட்டி நடுங்குதுன்னீங்களே, அதுக்குக் காரணம் இதுதான். படி இறங்கும்போது தொடைச்சதை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்கணும், ஏறுறதைவிட முட்டிக்கு அது கஷ்டமான வேலை. மெதுவா உட்காரப் பழகினா படிக்கும் சேர்த்துப் பழகின மாதிரி. எட்டோ பத்தோ தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு சுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமா இருந்தா தலையணையை எடுத்துடுங்க, அப்புறம் இன்னும் தாழ்வான நாற்காலி. பால் பொங்கறதுக்குக் காத்திருக்கற நேரத்துல மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க. அது நல்லா வந்ததும், அதே மேடையைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல கொஞ்ச நேரம் நில்லுங்க.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னதும் இதுதான். 65 தாண்டினவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான நடை மாதிரி ஏதாவது வேணும். அதோட நிறுத்தாம, தடுமாறாம நிக்கறதுக்கும் சதை பலத்துக்குமான பயிற்சி வாரத்துல மூணு நாளாவது வேணும்னும் எழுதியிருக்காங்க. முதல் பாதி ஊருக்கே தெரியும், ரெண்டாவதைத்தான் யாரும் காதுல வாங்கல.

தரையிலேருந்து எழும்பறதுக்கும் ஒரு முறை இருக்கு. நேரா முன்னால குனிஞ்சு எழப் பாக்கறதாலதான் தடுமாறுது. ஒரு பக்கமா திரும்பி, ரெண்டு கையையும் தரையில ஊன்றி, முட்டி போட்டு நாலு கால்ல வாங்க. முட்டிக்குக் கீழ மடிச்ச துண்டு. பலமான காலோட பாதத்தை முன்னால வெச்சு, முன்னாடி இருக்கற கட்டில் மேல கையை ஊன்றி எழுங்க. வீட்ல ஆள் இருக்கும்போது கட்டில் பக்கத்துல பழகுங்க. என்னைக்காவது விழுந்துட்டாலும் எழுந்திருக்கத் தெரியணுமே! எலும்பு உடையாமலே, எழ முடியாம மணிக்கணக்கா தரையில கிடந்தவங்க எத்தனையோ பேரு வார்டுக்கு வந்திருக்காங்க.

செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்ல. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா அடுத்த தடவை எண்ணிக்கையைக் குறைங்க. முட்டி வீங்கினா, மடக்கினது நீட்ட வராம பூட்டிக்கிட்டா, நெஞ்சை அழுத்தினா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.

அந்த 10,000 கணக்கு ஆராய்ச்சியில பிறந்ததில்ல. 1965-ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணும் கருவியை அந்தப் பேர்ல வித்தாங்க, அங்கேருந்து கிளம்பி உங்க கையை வந்து உலுக்குது. எட்டு போட்டு நடக்கறதுல மந்திரம் ஒன்னுமில்ல. ஆனா ரெண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பறதால தடுமாற்றம் குறைய உதவும், மொட்டை மாடியில நடங்க. வெறுங்கால் மட்டும் வேண்டவே வேணாம். சுகர்காரங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா கிளிஞ்சல் குத்தினாலும் தெரியாது. அலையோரத்து ஈர மணலும் ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு, ஒரே திசையில நடந்தா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல.

சாப்பாட்டைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட மனசு வரல. காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி மறுபடி ரெண்டு இட்லின்னு இருந்தா சதை எதுல ஏறும்? சிறுநீரகக் கோளாறு இல்லாதவங்களுக்கு எடையில கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேணும். முட்டையில 6 கிராம்தான். முதுநகர் துறைமுகத்துல மத்தியும் நெத்திலியும் வரும் ஊர்ல இருக்கோம், நல்லா சாப்பிடுங்க. சனிக்கிழமை சைவம்னா சுண்டல், தயிர், பயறு.

முத்தியால்பேட்டை:

நர்ஸ் அம்மாவுக்கு வணக்கம். பாண்டியிலேருந்து ஒரு எட்டு எட்டிப் பாக்கறேன். இங்க பீச் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க, காலையில ஏழரை வரைக்கும். நடக்கறவங்களுக்கு சொர்க்கம். ஆனா நான் நடையைவிட பெத்தாங்க்ங்கற பிரெஞ்சு குண்டு விளையாட்டுக் கட்சி. எங்க பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், பிரான்ஸ் பென்ஷன்காரர். அவர்கிட்ட கத்துக்கிட்டது.

இரும்புக் குண்டு ஒவ்வொன்னும் 650லேருந்து 800 கிராம். தரையில ஒரு வட்டம், அதுக்குள்ள ரெண்டு பாதமும் ஊனி நிக்கணும். ஆறு மீட்டர்லேருந்து பத்து மீட்டர் தூரத்துல கிடக்கற குட்டி மரக்குண்டுக்குப் பக்கத்துல போய் நிக்கற மாதிரி வீசணும். 13 பாயிண்ட் எடுத்தா ஆட்டம் முடிஞ்சுது. குண்டு தரையில விழற வரைக்கும் காலைத் தூக்கக் கூடாது. 75 வயசுக்காரர் 30 வயசுப் பையனைத் தோக்கடிக்கற ஆட்டம் வேற எது இருக்கு? தூரத்தை அளக்கும்போது போடற சண்டையில பி.பி. ஏறும், அது தனி.

குனிய முடியாதவங்களுக்குக் கயித்துல கட்டின காந்தம் விக்குது, நின்னபடியே குண்டைத் தூக்கிக்கலாம். நானும் அதைத்தான் வெச்சிருக்கேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா:

அண்ணே, அந்த ஆட்டத்துல இருக்கற பாதிப் பயிற்சியே குனிஞ்சு குண்டை எடுக்கறதுதான். அதையும் காந்தத்துக்குக் குடுத்துட்டீங்களே! முதுகு சரியா இருக்குன்னா ஒரு ஆட்டமாவது காந்தத்தை வீட்ல வெச்சுட்டுப் போங்க. முட்டியை மடக்கி எடுங்க, இடுப்பை மட்டும் வளைக்காதீங்க.

கெடிலக்கரை:

அக்கா, நீங்க சொன்ன சோதனையைச் செஞ்சு பார்த்தேன். 11-ஐத் தொடல. என் கூடவே மருமகளும் போட்டி போட்டு செஞ்சா, அவளுக்கும் மூச்சு வாங்கிடுச்சு, 38 வயசுல! வாட்ச்சை வீட்டுக்காரர் கையில கட்டிவிட்டாச்சு, இப்போ அவர் டீக்கடைக்கு ஸ்கூட்டர் எடுக்காம நடந்து போறார்.

தம்பி, மாத்திரைப் பேரை எடுத்துப் பார்த்தேன், கிளிமிபிரைடு இருக்கு. டாக்டர்கிட்ட கேக்கறேன். முத்தியால்பேட்டை அண்ணனுக்கு: குண்டு விளையாட என்னால ஆகாது, ஆனா வீட்டுக்காரர் ரெண்டு தடவை அதைப் படிச்சார்.

இன்னும் மூணு சந்தேகம். முட்டியில மாட்டற உறை, அந்த "நீ கேப்" (knee cap), போட்டுக்கலாமா? எங்க வீட்ல பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கு, அது போதுமா? அப்புறம், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தா தலை லேசா கிறுகிறுங்குது, அதுக்கும் கால்பலத்துக்கும் சம்பந்தம் உண்டா?

ஓய்வுபெற்ற நர்சம்மா:

கடைசிக் கேள்வியை முதல்ல எடுக்கறேன். அது கால்பலம் இல்ல. படுத்திருந்து சட்டுனு எழும்போது பி.பி. இறங்கறதா இருக்கலாம், பி.பி. மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சகஜம். டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க, படுத்து ஒரு தடவை, நின்னு ஒரு தடவை பி.பி. பாக்கச் சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும் கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிட்டு எழுங்க. பாத்ரூம் வழியில ஒரு சின்ன விளக்கு ராத்திரி பூரா எரியட்டும். என் வார்டுக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு வந்த பாட்டிங்கள்ல நிறைய பேரு மாடியிலேருந்து விழுந்தவங்க இல்ல, ராத்திரி ஈரத் தரையில விழுந்தவங்க.

"நீ கேப்" போட்டா கதகதப்பா இருக்கும், கொஞ்சம் தைரியம் வரும். நடக்கும்போது போட்டுக்குங்க, தூங்கும்போது கழட்டிடுங்க. அதனால சதை வராது. பிளாஸ்டிக் நாற்காலி வேணாம், டைல்ஸ் தரையில கால் அகண்டு வழுக்கும். பேத்தி படிக்கற மர நாற்காலியைக் கேட்டு வாங்குங்க. மாத்திரை கொண்டுவர்ற பொண்ணுகிட்டயும் சொல்லி வைங்க, அந்தத் திட்டத்துலயே பிசியோதெரபியும் இருக்கு. பிசியோ வந்தா எக்ஸ்ரேவை அப்புறம் காட்டலாம், முதல்ல தரையில உட்கார்ந்து எழுந்து காட்டுங்க.