கோடை விடுமுறை வாசிப்பு: முடிக்கக்கூடிய நூல்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்

மெதுவாசகன்:
நண்பர்களுக்கு வணக்கம். இந்தக் கோடையில் எனக்கு ஆறு வாரங்கள் ஓய்வு கிடைக்கிறது. சென்ற ஆண்டும் இப்படித்தான் ஓய்வு கிடைத்தது. பலரும் பரிந்துரைத்தவற்றையெல்லாம் திரட்டி 14 புத்தகங்களை மேசைமேல் அடுக்கினேன். விடுமுறை முடிந்து எடுத்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்பதில் அடையாளத்தாள் 40ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. இம்முறை மூன்று நூல்கள் போதும், ஆனால் மூன்றையும் முடித்தாக வேண்டும். இரவில் உடனமர்ந்து கேட்பதாக என் 11 வயது மகள் சொல்லியிருப்பதால், ஒன்றாவது வாய்விட்டு வாசிக்கத் தக்கதாக இருந்தால் நல்லது. பெயரை மட்டும் குறிப்பிடாமல், ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

தாள்மணம்:
நண்பரே, முதல் நாளிலேயே ஒரு நூலை முடித்துவிடுங்கள், கை பழகிவிடும். அதற்கு ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ ஏற்றது. 1952இல் வெளிவந்த இக்குறுநாவலில் அத்தியாயப் பிரிவே இல்லை என்பதால் நடுவில் மூடிவைக்க மனம் வராது. 84 நாட்களாக ஒரு மீனும் சிக்காத கிழவன் 85ஆம் நாள் தனியே கடலுக்குப் போகிறான் என்பதுதான் தொடக்கம். மீன் தூண்டிலில் மாட்டிய பிறகு, கயிறு அவன் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடும் பக்கங்களைப் படிக்கையில் நான் என்னையறியாமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்ததாக அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1947-48இல் செகந்தராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்னும் இளைஞனுக்குக் கிரிக்கெட்டும் கல்லூரியும் எவ்வளவு பெரிய விஷயங்களோ, அவ்வளவு அருகிலேயே நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களும் நகர்கின்றன. ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. இறுதிப் பக்கங்கள் மிகக் கனமானவை என்பதால் இதை மகளுக்கு வாசித்துக் காட்டாமல் நீங்கள் மட்டும் படியுங்கள்.

பின்னட்டை:
சிறிய நூல்களை ஆண்டு முழுவதும் படிக்கலாம். ஆறு வாரம் ஒருசேரக் கிடைக்கும்போது ஒரு பெரிய நூலுக்குள் குடியிருப்பதே முறை என்பது என் கருத்து. நீங்கள் 40ஆம் பக்கத்தில் நின்றதற்கு நூல்களின் பருமன் காரணமன்று. பதினான்கையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை எடுங்கள். மொத்தம் 122 அத்தியாயங்கள். நாளொன்றுக்கு மூன்றாகப் படித்தால் 41 நாட்களில் முடியும். உங்கள் ஆறு வாரத்தில் ஒரு நாள் மீதமும் இருக்கும். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது ஆகையால் ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் அமர்வுக்கு அளந்து தைத்தது போலிருக்கும். 85 வயதை நெருங்கியபோது எழுதத் தொடங்கிய அந்த உரைநடையில் புலமை மிரட்டல் சிறிதுமில்லை.

பரிந்துரை கேட்டு வந்திருக்கும் உங்களுக்கு அதில் ஓர் இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1880ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, 25 வயது ஆசிரியரான இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று தாம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவற்றையெல்லாம் வரிசையாக அடுக்குகிறார். எதிரே இருப்பவரின் முகத்தில் வியப்பில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதுதான் அவருடைய மறுகேள்வி. இவர் அதன் ஏட்டையே கண்டதில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1887இல், அந்தச் சிந்தாமணியை அச்சிட்டவர் இவரே. தமிழில் ஒருவர் மற்றொருவருக்குச் செய்த நூல் பரிந்துரைகளில் இதைவிடப் பெரியது இருக்குமா என்று நான் ஐயுறுகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு: 1942 ஏப்ரலில் ஆசிரியர் மறைந்துவிட்டதால் வரலாறு பாதியில் நின்றுபோகிறது. முடித்தே தீர வேண்டும் என்கிற உங்களிடம் ஆசிரியரே முடிக்காத நூலைக் கொடுக்கிறேன், பொறுத்தருள்க.

ஜன்னலோரம்:
மகளோடு வாசிக்கத் தெத்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’ பொருந்தும், தமிழிலும் கிடைக்கிறது. முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கிய வேறொரு பள்ளிக்கு வந்து சேருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளை எதிரே உட்காரவைத்து, பேச விரும்புவதையெல்லாம் பேசச் சொல்லி நான்கு மணி நேரம் கேட்கிறார். அந்தப் பகுதியை நான் வாசித்து முடித்தபோது, என் மகன் நான்கு மணி நேரம் என்றால் எப்போது தொடங்கி எப்போது வரை என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, உன்னால் முடியுமா அம்மா என்று கேட்டான். அத்தியாயங்கள் மிகச் சிறியவை. இரவுக்கு மூன்று படித்தாலும் குரல் களைக்காது. பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோகும் பகுதியை மட்டும் பகலில் வாசியுங்கள்.

மெதுவாசகன்:
அனைவருக்கும் நன்றி. ‘கடலும் கிழவனும்’, ‘டோட்டோ-சான்’, ‘என் சரித்திரம்’ என்று தீர்மானித்திருக்கிறேன். அசோகமித்திரனை மழைக்காலத்துக்கு ஒத்திவைக்கிறேன். பின்னட்டை அவர்களுக்கு ஒரு கேள்வி: ‘என் சரித்திர’த்தில் இடையிடையே வரும் செய்யுள்களைத் தாண்டிச் சென்றால் ஏதேனும் விட்டுப்போகுமா?

பின்னட்டை:
முதல் வாசிப்பில் தயங்காமல் தாண்டுங்கள். கதையின் இழை அறுபடாது. ஆனால் பிள்ளையவர்கள் செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணாக்கர்கள் ஏட்டில் எழுதும் காட்சி வரும்போது மட்டும் நின்று, அவ்விடத்துப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மகளும் அப்போது அருகில் இருக்கட்டும்.