வால்பாறை பசுமைமாறாக் காட்டு மண்: சிர்கோனியமும் டைட்டானியமும் எதிரெதிராகப் பேசுகின்றன

மண்ணியல், புவிவேதியியல் தெரிந்த நண்பர்கள் உதவுங்கள். ஆழத்துக்கு ஆழம் எந்தத் தனிமம் எவ்வளவு கரைந்து போயிருக்கிறது என்று கணக்கிடுகிறோம். மேல் 20 செ.மீ.யில் கணக்கு உடைகிறது. சிர்கோனியத்தை அசையாத் தனிமமாக (கரையாமல் அப்படியே தங்குவதாகக் கொண்டு மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோலாக) வைத்தால் பாஸ்பரஸ் 25% இழப்பு. டைட்டானியத்தை வைத்தால் 12% கூடுதல். 160 செ.மீ.க்குக் கீழே இரண்டும் ஒத்துப்போகின்றன.

இடம் ஆனைமலை, சுமார் 15 டிகிரி சரிவு, 2 மீட்டர் குழி. தாய்ப்பாறை (மண் உருவான மூலப்பாறை) சார்னோகைட் என்ற கடினப் பாறை, ஒப்பீட்டுக்கு எடுத்தது பக்கத்துச் சாலை வெட்டின் புதுப் பாறை. சிர்கோனியம் பாறையில் 210 பிபிஎம், மேல்மண்ணில் 420. டைட்டானியம் 0.45%, 0.60%.

முதலில் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் (எக்ஸ் கதிரால் தனிம அளவைக் காட்டுவது) ஈரம்தான் காரணம் என்று நினைத்து, 40 டிகிரியில் உலர்த்தி, 2 மி.மீ. சலித்து, 75 மைக்ரானுக்குக் கீழே அரைத்து மறுபடி அளந்தோம். மாறவில்லை. மாதிரியை உருக்கிக் கண்ணாடி வில்லையாக்கி ஆய்வக எக்ஸ்ஆர்எஃபிலும் அதே எண்கள். மேல்மண்ணின் கரிமப் பொருளும் காரணமாகாது; விகிதத்தில் அது அடிபட்டுவிடும்.

மீதியிருக்கும் சந்தேகங்கள் மூன்று: நுண்ணிய டைட்டானியம் களிமண்ணோடு கீழிறங்கியிருக்கலாம், மேட்டிலிருந்து வேறு மண் சரிந்து சேர்ந்திருக்கலாம், சிர்கான் (சிர்கோனியம் உள்ள கனிமம்) மணிகள் பாறையில் சீராகப் பரவாததால் ஒற்றைப் பாறைத்துண்டு ஏமாற்றியிருக்கலாம். மூன்றாவது என்றால் எல்லா ஆழத்திலும் பிழை வரவேண்டுமே என்பதால் அதை அவ்வளவாக நம்பவில்லை.

களிமண் இறக்கத்தையும் சரிவு மண்ணையும் பிரித்தறிய, 2–50 மைக்ரான் வண்டல் பகுதியில் மட்டும் டைட்டானியம்/சிர்கோனியம் விகிதம் பார்த்தால் போதுமா?