பிசிபி துப்பாக்கிக்குக் காற்று: கைப்பம்பா, சுழியோடிச் சிலிண்டரா?

கச்சான் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். என்னிடம் இருப்பது பிசிபி வகை எயார் ரைபிள், அதாவது முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடுவது. அனுமதி எடுத்து வாங்கியது. சிலிண்டர் 200 மில்லிலீற்றர், உச்ச அழுத்தம் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. கச்சான் முற்றும் காலத்தில் குரங்குக் கூட்டம் இறங்கினால் வேலியில் கட்டிய தகரத்தில் சுட்டுச் சத்தம் எழுப்புவேன். மற்றபடி பின்னேரங்களில் குறி வைத்துப் பழகுவதோடு சரி.

இதுவரை கைப்பம்பால்தான் நிரப்பினேன். இந்த மாரியில் இரண்டு கோளாறு. 180 பாரில் வைத்துவிட்டுப் படுத்தால் விடியும்போது 150 காட்டுகிறது. நிரப்பும் குழாயைக் கழற்றினால் அதன் வாயில் பால் நிறத்தில் ஒரு பிசுக்கு.

கேட்கிற ஆட்கள் எல்லோரும் வேறு வேறு சொல்கிறார்கள். பம்பையே ஒழுங்காகப் பாவி என்கிறார் ஒருவர். முல்லைத்தீவுக் கரையில் கடலட்டை பிடிக்கும் சுழியோடிகளின் சிலிண்டரிலிருந்து நிரப்பு என்கிறார் இன்னொருவர். சந்தியில் இருக்கிற வெல்டிங் கடைக்காரர் தன்னுடைய பெரிய சிலிண்டரிலிருந்து ஒரு நிமிடத்தில் ஏற்றித் தருகிறாராம். எதைக் கேட்பது?

அலம்பில் சுழியோடி

தம்பி, வெல்டிங் கடைப் பக்கமே போகாதீர்கள். அங்கே இருப்பது ஒக்சிசன். நாங்கள் மூச்சு விடும் காற்றில் அது 21 வீதம்தான், அந்தச் சிலிண்டரிலோ கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். உங்கள் துப்பாக்கியின் ஓ-றிங்கிலும் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) வால்விலும் கிறீஸ் பூசியிருக்கிறது. உயர் அழுத்த ஒக்சிசன் கிறீஸில் பட்டால் பற்ற வைக்க நெருப்பு தேவையில்லை. வால்வைத் திறந்த கணத்தில் வாயு குழாயின் மூடிய முனையில் போய் அமுங்கும்போது எழும் சூடே போதும். அது வெடிக்கும்போது சிலிண்டர் உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்தக் கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் மற்றவர்களுக்கும் அவர் அப்படி ஏற்றிக் கொடுக்காதபடி போய்ச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது பம்ப். மாரியில் ஒரு கன மீற்றர் காற்றுக்குள் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். 200 மில்லிலீற்றர் சிலிண்டரை வெறுமையிலிருந்து 200 பாருக்கு நிரப்ப 40 லீற்றர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். அதோடு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான தண்ணீரும் சேர்ந்தே வரும். அமுக்கிய காற்றால் அதை நீராவியாக வைத்திருக்க முடியாது, தண்ணீராக்கி விட்டுவிடும். நீங்கள் கண்ட பால்நிறப் பிசுக்கு அதுதான், தண்ணீரும் கிறீஸும் கலந்த குழம்பு.

சுழியோடிகளுக்குக் காற்று அடிக்கும் கொம்பிரசரில் ஈரத்தையும் எண்ணெயையும் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதைச் சரியாகப் பராமரித்தால் காற்று காய்ந்து வரும். அதிலிருந்து நிரப்புங்கள், துப்பாக்கி நீண்ட காலம் உழைக்கும்.

முத்தையன்கட்டு வயல்காரன்

ஒக்சிசன் விசயத்தில் சுழியோடித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பம்பைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

அந்த ஒரு கிராம் தண்ணீர் முழுவதும் சிலிண்டருக்குள் போவதில்லை. மூன்று கட்டமாகக் காற்றை அமுக்கும் பம்பில் பெரும்பங்கு பம்புக்குள்ளேயே வடிந்து அடியில் நிற்கும். பம்பின் காற்று இறக்கும் திருகாணியைத் திருகினால் சீறிக்கொண்டு வெளியே வரும். அதைத் திறக்காமல் ஒரே மூச்சில் அடித்து முடிக்கிறவர்களுக்குத்தான் தண்ணீர் உள்ளே போகிறது. ஐந்து நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் ஆற விட வேண்டும், நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் வடிக்க வேண்டும். காற்று இழுக்கும் வாயில் சிலிக்கா ஜெல் மணி போட்ட டப்பா ஒன்றைப் பூட்டுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று தெரியும். சமையலுக்குப் பாவிக்காத பழைய தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும்.

சுழியோடிச் சிலிண்டரின் கணக்கையும் பார்ப்போம். 11 லீற்றர் சிலிண்டர் 200 பாரில் இருக்கிறது என்று வைப்போம். துப்பாக்கியை ஒவ்வொரு தடவையும் 100 பாரிலிருந்து நிரப்பினால், முதல் தடவை 198 பார் வரும். பத்தாவது தடவை 183. இருபதாவது தடவை 170க்குக் கீழே. பெரிய சிலிண்டரில் இன்னும் ஏராளம் காற்று இருக்கும், துப்பாக்கியை 200க்குக் கொண்டுவர மட்டும் அதனால் முடியாது. திரும்ப அடிக்கக் கரைக்குப் போனால் அரை நாள் போச்சு. வயலில் தண்ணீர் கட்டுகிறவனுக்கு அரை நாள் சின்ன விசயமில்லை.

இன்னொன்று. அந்தச் சிலிண்டரில் துப்பாக்கியில் இருப்பதைப் போல 55 மடங்கு காற்று அடைந்திருக்கிறது. பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில் அதைச் சாய்த்து வைக்க எனக்கு மனம் வராது.

அலம்பில் சுழியோடி

அண்ணை, கணக்குச் சரி, ஆனால் 200 பார் எதற்கு? பல துப்பாக்கிகள் உச்ச அழுத்தத்தில் நன்றாகச் சுடுவதில்லை. அழுத்தம் கூடினால் உள்ளே வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியலால் அதைப் போதிய அளவு திறக்க முடியாமல் போய், குண்டு மெதுவாகத்தான் போகும். ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) இல்லாத துப்பாக்கியில் 180க்கும் 120க்கும் இடைப்பட்ட பகுதிதான் பெரும்பாலும் சீராக இருக்கும். 183 பார் வந்தால் தம்பிக்கு அது தாராளம்.

சிலிக்கா ஜெல்லை நீங்கள் பூட்டுவது தவறான பக்கத்தில். இழுக்கும் வாயில் காற்று சாதாரண அழுத்தத்தில் மணிகளுக்கு நடுவே விரைந்து ஓடிவிடும், மணி பிடிக்கும் ஈரம் கொஞ்சம்தான். அமுக்கிய பிறகு, பம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே, உயர் அழுத்தம் தாங்கும் வடிகட்டி இருந்தால்தான் ஈரம் உண்மையாகப் பிடிபடும்.

வீட்டில் வைக்கிற பயம் நியாயம்தான். நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தால் விழுந்து வால்வு உடையாது. வெயில் படாத அறையில் வையுங்கள்.

ஏ9 பயணி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரில் ஒரு பூஸ்டர் (அழுத்தத்தை மேலும் ஏற்றும் கருவி) பூட்டி நாங்களே செய்தால் என்ன? யூரியூப்பில் செய்து காட்டுகிறார்கள். பழைய இரும்புக் கடையில் சுழியோடிச் சிலிண்டரும் மலிவாகக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் யாரிடமும் போகத் தேவையில்லை. நைதரசன் நிரப்பினாலும் ஒன்றும் ஆகாதுதானே?

மாங்குளம் லேத்

நைதரசன் ஆகாதென்றில்லை. காற்றில் 78 வீதம் அதுதான், காய்ந்தும் இருக்கும். ஆனால் ஒழுங்கான ரெகுலேட்டரோடு, கதவு திறந்த இடத்தில். மற்ற இரண்டுக்கும் என்னுடைய பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான்.

குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து ஓடுகிறது. அந்த எண்ணெய் ஆவியாகப் பூஸ்டருக்குள் போய் 200 பார் வரை அமுங்கினால் டீசல் இஞ்சினில் எரிபொருள் பற்றுவது போலப் பற்றும். துருவுக்குத் தெளிக்கும் ஸ்பிரேயையும் மோட்டார்சைக்கிள் ஒயிலையும் இந்தத் துப்பாக்கிகளுக்குள் விடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். சுத்தமான சிலிக்கோன் கிறீஸ் தவிர வேறு எதுவும் காற்றுப் பாதையில் படக்கூடாது. ரயர் கடைக் கொம்பிரசரைப் பற்றியும் யாரோ கேட்பீர்கள் என்பதால் சொல்லி விடுகிறேன்: அது 8 அல்லது 10 பார் வரைதான் வரும், இந்த வேலைக்கு உதவாது.

பழைய இரும்புக் கடைச் சிலிண்டர் இன்னும் மோசம். சிலிண்டரின் தோளில் வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த திகதி எல்லாம் குத்தியிருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அளவுக்கு ஏற்றிப் பார்க்கும் சோதனை அது. பல நாடுகளில் சுழியோடிச் சிலிண்டருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள். கடையில் கிடப்பது உப்புத் தண்ணீர் உள்ளே போனதா, நெருப்பில் கிடந்ததா, யாருக்கும் தெரியாது. அதன் வெளியே புதுப் பெயின்ற் அடித்திருந்தால் நான் இன்னும் இரண்டு அடி தள்ளித்தான் நிற்பேன்.

காட்டிலோ வாய்க்கால் கரையிலோ கிடக்கும் இரும்பு உருளை எதையும் இதற்காகக் கையால் தொடாதீர்கள். எங்கள் நிலத்தில் அது எதுவாகவும் இருக்கலாம். கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு அறிவித்துவிட்டு விலகிப் போங்கள்.

கச்சான் தோட்டம் தம்பிக்கு: நீங்கள் கேட்டது ஒழுக்கைப் பற்றி. மற்ற இருவரும் எங்கே நிரப்புவது என்று வாதாடுகிறார்கள். முதலில் ஒழுக்கா இல்லையா என்று பார்ப்போம். பம்ப் அடித்த சூட்டில் சிலிண்டர் 50 பாகைக்குப் போயிருந்தால், இரவு 27 பாகைக்கு ஆறும்போது 180 பார் தானாகவே 167 ஆகும். அது ஒழுக்கு இல்லை, சூடு ஆறியது. மிச்சம்தான் ஒழுக்கு. நிரப்பி ஒரு மணி நேரம் ஆற விட்டு அளவைக் குறியுங்கள். காலையில், வெயில் ஏறுமுன் திரும்பப் பாருங்கள்.

பிறகு சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் மூன்று இடத்தில் தடவுங்கள்: அழுத்தமானி பூட்டிய இடம், நிரப்பும் வாய், துப்பாக்கிக் குழலின் முனை. முனையில் குமிழி வந்தால் சுடும் வால்வின் இருக்கையில், அதாவது வால்வு பதிந்து மூடும் இடத்தில், தூசியோ துருவோ உட்கார்ந்திருக்கிறது.

முத்தையன்கட்டு வயல்காரன்

லேத் அண்ணை சொன்ன ஒழுங்கு சரி. அதோடு ஒன்று: சிலிண்டரை முழுதாக வெறுமையாக்கி வைக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். உள்ளே 100 பார் அளவில் காற்று நின்றால் வால்வு தன் இருக்கையில் அழுந்தியே இருக்கும், தூசி நுழையாது. நிறைத்து மோட்டார்சைக்கிளில் கட்டி வெயிலில் விடுவதும் கூடாது. 30 பாகையில் 200 பார், 60 பாகையில் 220 ஆகிவிடும்.

கச்சான் தோட்டம்

நன்றி, எல்லோருக்கும். வெல்டிங் கடைக்காரரிடம் பேசினேன். ஒக்சிசன் இப்படிப் பற்றும் என்று அவருக்குத் தெரியாதாம், இனி யாருக்கும் ஏற்ற மாட்டேன் என்றார்.

லேத் அண்ணை சொன்னபடி பார்த்தேன். 180க்கு அடித்து, ஒரு மணி நேரம் ஆறியபோது 166. காலையில் 152. நிரப்பும் வாயில் சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்துக்கொண்டு வந்தது, மற்ற இரண்டு இடத்திலும் இல்லை. வாயைத் துடைத்த வெள்ளைத் துணியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. அது துருவா? கழற்றலாமா?

அலம்பில் சுழியோடி

துருவேதான். பம்பின் தண்ணீர் சிலிண்டரின் உருக்குக் குழாயில் நின்று செய்த வேலை இது. இதற்குப் பிறகும் பம்ப் போதும் என்று சொல்லலாமா, வயல்கார அண்ணை?

முத்தையன்கட்டு வயல்காரன்

சொல்லலாம். வடிக்காமல் அடித்த பம்ப் செய்த வேலை என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். உங்கள் கொம்பிரசரின் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதிலிருந்தும் ஈரம்தான் வரும். கரையில் அட்டை பிடிக்கும் அவசரத்தில் அந்த வடிகட்டியை யார் பார்க்கிறார்கள்? அதில் வரும் காற்றைத்தான் உங்கள் பிள்ளைகள் கடலுக்கடியில் மூச்சாக எடுக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

உயர் அழுத்தப் பக்கம் வடிகட்டி பூட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது சரியான பேச்சு.

அலம்பில் சுழியோடி

வடிகட்டி பற்றிய கேள்வி நியாயமானது. ஓடிய மணித்தியாலத்தை எழுதி வைத்து மாற்றுகிற இடத்தில் மட்டும்தான் நான் காற்று அடிப்பேன். அப்படி எழுதி வைக்காத இடத்தில் துப்பாக்கிக்கும் அடிக்க வேண்டாம், சுழியோடிக்கும் அடிக்க வேண்டாம். இருந்தாலும் மாரிக் காற்றைக் கையால் அமுக்குவதைவிட இதுதான் நல்லது என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

மாங்குளம் லேத்

கழற்றலாம் தம்பி, காற்று முழுவதும் இறங்கிய பிறகு. காற்று இறக்கும் திருகாணி இருந்தால் அதை மெல்லத் திறவுங்கள். இல்லையென்றால் குண்டு போடாமல், மண்மேட்டைப் பார்த்து, சத்தம் அடங்கும்வரை சுடுங்கள். அழுத்தமானி பூச்சியம் காட்டினாலும் நம்ப வேண்டாம், அந்தச் சின்ன மானிகளுக்குக் கடைசிப் பத்துப் பார் தெரியாது. மூடியைக் கையால் திருகும்போது இழை இழையாகத் தளர வேண்டும். தளராமல் இறுகியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. உடனே நிறுத்தித் திரும்ப முடுக்குங்கள். குறடு வைத்துத் திருகுவது, முகத்தை நேரே வைத்துப் பார்ப்பது இரண்டும் வேண்டாம்.

நிரப்பும் வாயின் ஓ-றிங்கை மாற்றுங்கள். தண்ணீர்ப் பம்ப் கடையில் கிடைக்கும் மென்மையான றிங் இந்த அழுத்தத்தில் இடுக்குக்குள் பிதுங்கி வெட்டுப்படும். கடினம் 90 என்று கேட்டு வாங்குங்கள். சிலிக்கோன் கிறீஸ் விரலில் மினுங்கும் அளவுக்குப் போதும்.

பிறகு சிலிண்டர்க் குழாயின் உள்ளே சின்ன ரோர்ச் அடித்துப் பாருங்கள். துணியால் துடைத்தால் போகிற மஞ்சள் படை என்றால் துடைத்து, நன்றாகக் காய வைத்துப் பூட்டலாம். எட்டுகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் குழி ஒன்று இருந்தாலும் அந்தக் குழாயை மாற்ற வேண்டும். உரஞ்சி வழவழப்பாக்கி இன்னும் கொஞ்சக் காலம் பாவிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், உரஞ்ச உரஞ்சச் சுவர் மெலியும்.

குழியா படையா என்று சந்தேகமாக இருந்தால் காற்றில்லாமல் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். அனுமதிப் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.