விறகுத் தீயில் ஸ்டிர்லிங் எஞ்சின்: மலையில் கண்டவை

கோத்தகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு பாலிடெக்னிக் மாணவர் தன் ஸ்டிர்லிங் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு முனையை வெளியிலிருந்து தீயால் சூடாக்கி, மறுமுனையைக் குளிரவைத்தால், உள்ளே அடைத்த காற்று விரிந்து சுருங்கி ஓட்டும் எஞ்சின் அது. "கோயம்புத்தூரில் நன்றாக ஓடிச்சு அண்ணா, இங்கே இழுவையே இல்லை" என்றார். ஒரு காரணம் உயரம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டரில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. அழுத்தம் ஏற்றாத எஞ்சினுக்குள் இருப்பதும் அதே மெல்லிய காற்றுதானே, சக்தியும் அந்த அளவுக்கு இறங்கும். குளிர் முனைக்கு நம் ஊர்க் குளிர் கைகொடுத்தாலும் அந்த இழப்பு முழுக்க ஈடாகாது.

பெரிய இழப்பு அடுப்பில் இருந்தது. சூட்டு முனை 600 டிகிரியில் நிற்க வேண்டுமானால், அதைத் தொட்டுப் போகும் புகையும் 600-க்குக் கீழே இறங்காது. அத்தனை சூடும் புகைபோக்கி வழியே வீணாகிறது. இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-ல் காப்புரிமை பெற்றதே எரிபொருளை மிச்சம் பிடிக்கும் வழிக்குத்தான். எஞ்சினுக்குள் ரீஜெனரேட்டர் (குளிர் முனைக்குப் போகும் காற்றின் சூட்டைப் பிடித்து வைத்து, திரும்பும் காற்றுக்கே கொடுக்கும் பகுதி) செய்யும் வேலையை வெளியே அடுப்பும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் புகைபோக்கியை இரட்டைச் சுவராக்கி, தீக்குப் போகும் காற்றை அந்த இடைவெளி வழியே இறக்கினோம். காற்று சுடச்சுட உள்ளே போனதும் அதே சீகை (வாட்டில் மர) விறகில் தீயின் நிறமே மாறியது. அடுப்பைச் சுற்றி செராமிக் கம்பளியும் வைத்தோம்.

சூட்டு முனைக்குச் செம்பு போடலாமா என்று மாணவர் கேட்டார். வெப்பத்தைக் கடத்துவதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட அது இருபது மடங்குக்கு மேல்தான், ஆனால் அந்தச் சூட்டில் இளகிவிடும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் சுவர், உள்ளேயும் வெளியேயும் துடுப்புத் தகடுகள். இதுதான் சரி.

கொடைக்கானலிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, இங்கே நாங்கள் எரிப்பது பைன். பிசின் அதிகம், நெருக்கமான தகடுகளுக்கு நடுவில் கரி அடைத்துவிடுகிறது. தீ நேராக உலோகத்தில் பட்டால் பாதி எரிந்த நிலையிலேயே குளிர்ந்து கரியாகிறது. அதனால் முதலில் தீச்செங்கல் அறையில் முழுதாக எரியவிட்டு, அப்புறம் அந்தச் சூடான புகையைத் தகடுகளுக்கு அனுப்புகிறோம். தகடுகளின் இடைவெளியையும் பிரஷ் நுழையும் அளவுக்கு விட்டிருக்கிறோம். உங்கள் சீகை விறகுக்கு இவ்வளவு இடைவெளி தேவைப்படாது என்று நினைக்கிறேன், ஆனால் மழைக்கால ஈர விறகென்றால் செங்கல் அறை கட்டாயம் வையுங்கள்.