பொருள்: மறு: மறதி வகைகளுக்கு தமிழ்ச் சொல் – பழந்தடை, புதுத்தடை?

வணக்கம். படிச்ச ஒண்ணு இன்னொண்ண ஞாபகத்துக்கு வரவிடாம தடுக்குற மறதிய இங்கிலீஷ்ல ப்ரோஆக்டிவ், ரெட்ரோஆக்டிவ்னு ரெண்டு வகையா சொல்றாங்க, அதுக்குத்தான் தமிழ்ச் சொல்லு தேடிக்கிட்டிருக்கோம்.

> ப்ரோஆக்டிவ் = முன்னோக்கு குறுக்கீடு, ரெட்ரோஆக்டிவ் = பின்னோக்கு குறுக்கீடு. இதுவே போதும்.

போதாதுங்கய்யா. முன்னாடி நடந்ததுன்னா போன காலம், முன்னாடி போன்னா எதிர்ல போறது, ரெண்டுக்கும் நமக்கு ஒரே சொல்லு, அப்ப முன்னோக்கு குறுக்கீடுன்னு படிக்கிற பிள்ள பழச நெனைக்குமா புதுச நெனைக்குமா? 1900ல ஜெர்மனியில முல்லரும் பில்ட்செக்கரும்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க பின்னோக்கி வேல செய்யுற தடைன்னு அவங்க பாஷையில பேரு வெச்சாங்க, அவங்களுக்கு அது ஒத்துப்போச்சு. குறுக்கீடு வேற ஒளியியல்ல ஏற்கெனவே உக்காந்திருக்கு.

சங்கதி சின்னதுதான். பழசு புதுச வரவிடாது, அது ஒண்ணு, ப்ரோஆக்டிவ். புதுசு பழச வரவிடாது, அது இன்னொண்ணு, ரெட்ரோஆக்டிவ். முதலாவதுக்கு நம்ம ரங்கூன் பெரியவங்கள பாருங்க, தெரு பேரு ஷ்வேபொந்தான்னு மாறி எவ்வளவு காலமாச்சு, இன்னமும் வாயில மொகல் ஸ்ட்ரீட்டுதான் வருது. 1970ல பர்மாவுல வண்டியெல்லாம் வலப்பக்கமா ஓட்டணும்னு மாத்துனப்ப அதுவரைக்கும் இடப்பக்கமே ஓட்டி பழகுனவங்க என்ன பாடு பட்டிருப்பாங்க!

ரெண்டாவதுக்கு பிள்ளைங்க. வீட்ல குடைன்னு கத்துக்கிட்டு, பள்ளிக்கூடத்துல பர்மா பாஷையில ட்டீன்னு படிச்சப்புறம், மழை வந்தா ட்டீதான் வருது, குடை வரமாட்டேங்குது. ஆனா ‘கு’ன்னு எடுத்துக்குடுத்தா போதும், டக்குன்னு குடைன்னுடும். அப்ப அது எங்கயும் போகல. டல்விங், சோட்கான்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க 1971ல இதத்தான் காட்டுனாங்க, வார்த்தைப் பட்டியல் ஒண்ணு மேல ஒண்ணா படிக்கவெச்சா முதல்ல படிச்சது வராமப் போகுது, இது எந்த வகைச் சொல்லுன்னு மட்டும் ஒரு துப்பு குடுத்தா பெரும்பாலும் திரும்பி வந்துடுது.

பழசு பண்ற வேலையும் லேசுப்பட்டதில்ல. 1957ல அண்டர்வுட்னு ஒரு உளவியல் ஆய்வாளரு பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப்பாத்து சொன்னாரு, இதுக்கு முன்ன பட்டியல் எதுவுமே படிக்காத ஆளுக்கு ஒரு நாள் கழிச்சு சுமார் 75 சதவீதம் ஞாபகம் இருக்குது, ஏகப்பட்ட பட்டியல் படிச்சுத் தீத்த ஆளுக்கு 25தான். சும்மா நாளானதால மறந்துச்சுன்னு நெனச்சதுல பாதிக்கு மேல முன்னாடி படிச்சதோட கைவரிசை!

> பழம்பதிவு மறைப்பு, புதுப்பதிவு மறைப்பு – எப்படி?

அக்கா, கேக்க அழகா இருக்கு, ஆனா மறைக்கிறது யாரு, மறையுறது யாரு? மேகமறைப்புன்னா மேகம் மறைக்குது, சூரிய கிரகணம்னா சூரியன் மறையுது. பரீட்சையில அடிச்சுக்குவாங்க. அதோட மறப்பு, மறைப்பு ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அச்சுல விட்டா யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்க.

அதனால என் யோசனை பழந்தடை மறதி, புதுத்தடை மறதி. எது தடுக்குதோ அதோட பேரு முதல்ல வந்துடுது, திசையே வேண்டாம். அழிஞ்சுபோச்சுன்னும் அர்த்தம் வராது.

---

> தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா தடைன்னா மின்தடை ஞாபகம் வராதா? பழந்தடைன்னா பழைய காலத்து தடைன்னு எடுத்துக்கிட்டா?

மின்தடைன்னா நம்ம ஊர்ல கரண்ட் போறது, அது எல்லாருக்கும் நல்லாவே தெரியும், குழம்பமாட்டாங்க. ரெண்டாவது கேள்வி நியாயம்தான், அதுக்குத்தான் மறதிங்கிறத பின்னாடி சேத்தே எழுதணுங்கிறேன், பழந்தடைன்னு தனியா விடக்கூடாது. அக்கா என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடலாங்கய்யா. நாக்கு நுனியில நிக்கிறதுக்கு மட்டும் தயவுசெஞ்சு யாரும் புதுசா சொல்லு தேடாதீங்க, அது இருக்கிறபடியே இருக்கட்டும்.