ஃப்ளையிங் வி கிட்டார்: வாசிக்கவா, சுவரில் மாட்டி வைக்கவா?

ஆறாம்ஸ்ட்ரிங்:
பக்கத்து இழையில் ஒரு தம்பி, முதல் எலெக்ட்ரிக் கிட்டாராக எபிஃபோன் (கிப்ஸனின் மலிவு விலை பிராண்ட்) லெஸ் பால் எடுக்கலாமா, ஃப்ளையிங் வி (ஆங்கில V மாதிரி, நடுவில் பிளவும் இரண்டு இறக்கைகளும் உள்ள உடம்பு) எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நாலு பேர் "வி எடு, கெத்தா இருக்கும்" என்று உசுப்பேற்றிவிட்டிருக்கிறார்கள். கெத்து சரி, வாசிப்பதற்கு? 1958-ல் அமெரிக்க கிட்டார் கம்பெனி கிப்ஸன் இதை இறக்கியதே, பழைய பஞ்சாங்கக் கம்பெனி என்ற பேச்சுக்குப் பதில் சொல்லத்தான். போட்டிக் கம்பெனி ஃபெண்டர் புதுப்புது வடிவங்களாக விற்றுக்கொண்டிருந்த காலம். அப்போதைய கிப்ஸன் தலைவர் டெட் மெக்கார்ட்டி, வி-யையும் எக்ஸ்ப்ளோரர் என்ற இன்னொரு கோண வடிவ கிட்டாரையும் ஒன்றாக இறக்கிப் பார்த்தார். கலமசூ ஆலையிலிருந்து வெளியே போன வி 1958-ல் 81, 1959-ல் 17. அத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். உட்கார்ந்தால் தொடையில் வழுக்கும், சுவரில் சாய்த்தால் சரியும், சாதாரண ஸ்டாண்டில் நிற்காது. புதிதாகப் பழகுகிறவர் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்துதான் வாசிப்பார். அவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?

ப்ளூஸ்பித்தன்:
அண்ணே, விக்கலைன்னா மட்டம்னு கணக்குப் போட்டா, இன்னிக்கு வீட்டை வித்து வாங்குறாங்களே அந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால், அதுவும் மட்டம்தான். விற்பனை படுத்ததாலதான் 1961-ல லெஸ் பால் உடம்பையே மாத்தி, இப்ப எஸ்ஜின்னு சொல்ற வடிவத்தைக் கொண்டுவந்தாங்க.

வி-யை மொதல்ல தொழிலுக்கு எடுத்தவங்க யாருன்னு பாருங்க. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர். வலதுகை கிட்டாரை அப்படியே கவுத்துப் புடிச்சு, ஸ்ட்ரிங்கை மாத்திக் கட்டாமலே வாசிச்சவர். மெல்லிசு ஸ்ட்ரிங் மேல, தடிச்சது கீழ. லெஸ் பாலைக் கவுத்தா, கை போறதுக்காகக் கழுத்துக்குக் கீழ உடம்புல விட்டிருக்குற வெட்டு மேல போயிடும், கை போகவேண்டிய எடத்துல மரம் நிக்கும். வி-க்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், எப்படித் திருப்பினாலும் கடைசி ஃப்ரெட் வரைக்கும் விரல் போகும். ஸ்ருதி ஏத்த ஸ்ட்ரிங்கை வளைக்கிறதுதான் பெண்ட்; மத்தவங்க மேல தள்ளுற பெண்டை அவர் கீழ இழுத்தார். ட்யூனிங்கையும் தளர்த்தியே வெச்சிருந்தார், அதனாலதான் அவ்ளோ தூரம் இழுக்க முடிஞ்சது. ஹெண்ட்ரிக்ஸ் 1967-ல ஒரு வலதுகை வி-யைத் திருப்பி, ஸ்ட்ரிங்கை மாத்திக் கட்டி வாசிச்சார். 1970-ல ஐல் ஆஃப் வைட் இசை விழா மேடைக்கு எடுத்துட்டுப் போனது இடதுகைக்குன்னே செஞ்ச வி. இவங்களா அலங்காரத்துக்கு வாங்கினாங்க?

ஆறாம்ஸ்ட்ரிங்:
கேள்வி கேட்ட தம்பி வலதுகைக்காரர், ஐயா. ஆல்பர்ட் கிங் கவிழ்த்துப் பிடித்ததில் கேபிள் ஜாக்கும் குமிழ்களும் மேல் இறக்கைக்கு ஏறிவிட்டன, அதையும் சொல்லுங்கள். கிட்டாரிஸ்ட் லானி மேக் கதை இன்னும் சுவாரசியம். அவருக்கு பிக்ஸ்பி ட்ரெமோலோ (ஸ்ருதியை அசைக்கும் கைப்பிடி) வேண்டும், ஆனால் வி-யில் அதை உட்கார வைக்க வேண்டிய இடத்தில் மரமே கிடையாது. இரண்டு இறக்கைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போட்டு அதன்மேல் பிக்ஸ்பியை முடுக்க வேண்டியதாயிற்று. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1965-ல் பிளவுக்குள் கையையே நுழைத்துக்கொண்டு வாசித்தார். டிவிக்கு ஜோர். பெரிய ஆட்கள் சமாளித்தார்கள் என்பதால் வடிவம் சரியாகிவிடாது.

சாலிடர்_சாமி:
ரெண்டு பேரும் ஸ்ட்ராப்பை (தோள்ல மாட்டுற பட்டை) விட்டுட்டீங்க. வி-யில முக்கால்வாசிப் புகார் அங்கதான் ஆரம்பிக்குது.

முன்பக்க ஸ்ட்ராப் பட்டன் பல மாடல்ல கழுத்து சேர்ற எடத்துல, உடம்புக்குப் பின்னாடி இருக்கு. ஃபெண்டர் ஸ்ட்ராட்ல மேல் கொம்பு 12-ஆவது ஃப்ரெட் கிட்ட வரைக்கும் நீளுது, பட்டன் அதோட நுனியில. வி-யில அந்தக் கொம்பு இல்ல. அதனால கிட்டார் மொத்தமும் இடதுபக்கம் தள்ளி நிக்கும், முதல் ஃப்ரெட் எட்டவே கை நீட்டணும். பட்டன் முதுகுல இருக்கறதால மேல் விளிம்பு நெஞ்சை விட்டு முன்னாடி சாயும்.

சரி பண்ற வழி: பட்டனை முதுகுலேர்ந்து எடுத்து மேல் தோளோட பக்கவாட்டு விளிம்புக்கு மாத்துங்க. துளை போடறதுக்கு முன்னாடி பிக்கார்டைக் (முன்பக்கத் தகடு) கழட்டி, கழுத்துப் பக்கத்துப் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) குழி எவ்ளோ தூரம் வருதுன்னு அளந்துடுங்க. குழிக்குள்ள பிட் எறங்கினா அதோட போச்சு. உடம்பு கனம் சுமார் 38 மி.மீ., துளை அதுக்கு நட்டநடுவுல வரணும். மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயின்ட் தோலை மட்டும் திருகாணி கனத்துக்கு அகலமாச் சுரண்டிட்டு, உள்ள 2.5 மி.மீ. பிட்டால 25 மி.மீ. ஆழம். தோலை அகலப்படுத்தாம முடுக்கினா பட்டனைச் சுத்தி வெடிப்பு ஓடும். திருகாணிக்கு மெழுகு தடவி, கையாலேயே முடுக்குங்க. பழைய துளையில கெட்டி மரக்குச்சியை மரப்பசையோட அடைச்சு, காய்ஞ்சதும் சமமா வெட்டிடலாம்.

உட்கார்ந்து வாசிக்க: லெஸ் பால் மாதிரி தொடை மேல படுக்க வெச்சா வழுக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் 58 மாடல்ல கீழ் இறக்கையோட வெளி விளிம்புல ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாங்க. அதைவிட நல்ல வழி, பிளவை வலது தொடையில மாட்டி, கீழ் இறக்கை ரெண்டு காலுக்கும் நடுவுல வர்ற மாதிரி வைக்கிறது. கழுத்து 40 டிகிரி மேல ஏறும், ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் ஆணிகள் இருக்குற கழுத்து நுனி) கண் மட்டத்துக்கு வரும், இடது மணிக்கட்டு மடங்காது. கிளாசிக்கல்காரங்க கால் பலகை போட்டு வாங்குற கோணம் இங்க பலகை இல்லாமலே கெடைக்குது. கைப்பிடி இல்லாத நாற்காலி வேணும். ஜாக் கீழ் இறக்கையில இருக்கறதால நேரா நீட்டுற பிளக் தொடையில இடிச்சு சாலிடர் விட்டுப்போகும். எல் வடிவ பிளக் போடுங்க.

ப்ளூஸ்பித்தன்:
சாமி சார் சொன்ன அதே பிடிதான் ராக் கிட்டாரிஸ்ட் மைக்கேல் ஷென்க்கர் பிடி. அவர் மேடையில நின்னுக்கிட்டே கீழ் இறக்கையைக் காலுக்கு நடுவுல இடுக்கிப்பார். அதுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி பொருந்தும். இதுல இன்னொண்ணு, வி-யோட சத்தமே தனி. நடு ஸ்தாயியில மூக்கால கத்துற மாதிரி ஒரு சத்தம்.

சாலிடர்_சாமி:
அது ஷென்க்கர் காலால மிதிச்சு சத்தத்தை மாத்துற வா பெடல் தம்பி, வி இல்ல. பெடலைப் பாதி தூரத்துல நிறுத்தி வெச்சு, மார்ஷல் ஆம்ப்ளிஃபயருக்குள்ள அனுப்புவார். அதே கிட்டார்ல பெடலை அணைச்சா அந்த மூக்கு போயிடும்.

வடிவத்துக்குன்னு தனி சத்தம் தேடறவங்க மொதல்ல ஸ்கேலைப் (அதிர்ற ஸ்ட்ரிங்கோட நீளம்) பாருங்க. வி-யும் லெஸ் பாலும் 24¾ அங்குலம். ரெண்டுலயும் ஹம்பக்கர் பிக்கப், ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ். 58 வி கொரீனா மரம், அதாவது ஆப்பிரிக்க லிம்பா. லெஸ் பால் மஹாகனி, மேல மேப்பிள் பலகை. 1967-ல திரும்ப வந்த வி-யும் மஹாகனிதான். வித்தியாசம் இருந்தா அது பிக்கப் உயரத்துல கால் சுத்து திருகினா மறைஞ்சுபோற அளவு.

இன்னொரு புரளியும் இருக்கு. 58-ல ஸ்ட்ரிங் உடம்பைத் துளைச்சுப் பின்னாடி போகுது, அதனால இறுக்கம் ஜாஸ்தின்னு. ஸ்கேல், கனம், ஸ்ருதி மூணும் ஒண்ணுன்னா இழுவிசையும் ஒண்ணுதான். பிரிட்ஜுக்குப் பின்னாடி நீளம் கூடினா, அதே பெண்டுக்குக் கொஞ்சம் அதிகமா இழுக்க வேண்டியிருக்கும், அவ்ளோதான்.

ஆறாம்ஸ்ட்ரிங்:
அப்படியானால் சத்தத்தில் ஆதாயம் இல்லை என்று சாமி சாரே ஒத்துக்கொண்டுவிட்டார். இனி நஷ்டத்தைப் பார்ப்போம். கிப்ஸன் ஹெட்ஸ்டாக் பின்னோக்கி 17 டிகிரி சாய்ந்தது. ஸ்ட்ரிங்குகள் கழுத்தில் ஏறும் நட்டுக்குப் பின்னாலேயே, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருக ஒரு குழி. மரம் மிக மெலிந்த இடமும் அதுதான், நார் குறுக்கே ஓடுவதும் அங்கேதான். வி-யை அலமாரியில் சாய்த்து வைத்தால் தரையைத் தொடுவது இரண்டு இறக்கை நுனிகள் மட்டும். டைல்ஸ் தரையில் அவை வழுக்கினால் முதலில் அடிபடுவது ஹெட்ஸ்டாக்.

ப்ளூஸ்பித்தன்:
அந்த 17 டிகிரி லெஸ் பாலுக்கும் உண்டுண்ணே. ஒடஞ்ச லெஸ் பால் ஹெட்ஸ்டாக் படத்தை இணையத்துல தேடிப் பாருங்க, ஸ்க்ரோல் பண்ணிக் கை வலிக்கும்.

சாலிடர்_சாமி:
உடையறது கழுத்தால, விழறது வடிவத்தால. ரெண்டு பேரும் சரி.

உடைஞ்சா செய்யவேண்டியது: உடனே எல்லா ஸ்ட்ரிங்கையும் தளர்த்துங்க. எவ்ளோ ஆடுதுன்னு பார்க்க வளைக்காதீங்க, நார் நசுங்கினா திரும்ப ஒட்டாது. விரிசல் நீளவாக்குல சுத்தமா இருந்தா மஞ்சள் மரப்பசையே போதும். ஊசி சிரிஞ்சால உள்ள வரைக்கும் ஏத்தி, மெழுகுத்தாள் சுத்தி, மரக்கட்டை வெச்சு க்ளாம்ப் போட்டு, 24 மணி நேரம் தொடாதீங்க. ட்ரஸ் ராடோட திருகு நட்டுக்குள்ள பசை எறங்காம ஈரத்துணியால துடைக்கணும். சூப்பர் க்ளூ கூடவே கூடாது. மூட்டு முழுக்கப் பரவறதுக்குள்ள இறுகிடும், அப்புறம் வேற பசையும் அந்த மரத்துல ஊறாது. குறுக்கா ஒடஞ்சு சில்லு காணாமப் போயிருந்தா வீட்டு வேலை இல்ல, கழுத்துக்குள்ள குறுக்குக் கட்டை எறக்கத் தெரிஞ்சவர்கிட்ட குடுங்க.

சுவர் ஹேங்கர்ல மாட்டினா இந்தப் பிரச்சினையே வராது. கிப்ஸன்னா நைட்ரோ பூச்சு, ஹேங்கரோட ரப்பர் அதை அரிச்சுப் பிசுபிசுன்னு ஆக்கிடும், பருத்தித் துணி சுத்துங்க. எபிஃபோன் பாலி பூச்சுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கோணல்வால்:
எல்லாரும் ரெண்டு பக்கமும் சமமான வி-யைப் பத்தியே பேசறீங்க. ராக் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸுக்காக, கிட்டார் செய்யற க்ரோவர் ஜாக்ஸன் செஞ்சது கோணல் வி. மேல் இறக்கை நீளம், கீழ் இறக்கை குட்டை. குட்டையா இருக்கறதால கையைத் தடுக்காது. ஆனா ஸ்கேல் 25½ அங்குலம். கிப்ஸன் வி-ல பழகினவருக்கு அதே 10 கேஜ் (கனம்) ஸ்ட்ரிங் இங்க இறுக்கமாத் தெரியும், இன்னும் மெல்லிசான 9 போட்டா சரியாகும்.

அப்புறம் ஆறாம்ஸ்ட்ரிங் சார், "விசித்திர வடிவம்"னு இனிமே சொல்லாதீங்க. வி வடிவத்தை வர்த்தக முத்திரையாக்க கிப்ஸன் 2010-ல ஐரோப்பாவில விண்ணப்பம் போட்டது. 2019-ல ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம், விண்ணப்பம் போட்ட காலத்துலயே இது சந்தையில வழக்கமான வடிவங்கள்லேர்ந்து பெருசா விலகினது இல்லன்னு தள்ளிடுச்சு. கோர்ட்டே சாதாரண கிட்டார்னு சொல்லியாச்சு!

ஆறாம்ஸ்ட்ரிங்:
நீதிபதிகள் அதைத் தொடையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். என் கட்சி மாறவில்லை. பட்டனுக்குத் துளை, எல் பிளக், கைப்பிடியில்லா நாற்காலி, ஹேங்கர், இத்தனை ஏற்பாடு முதல் கிட்டாருக்குத் தேவையா? தம்பி இதுவரை அக்கூஸ்டிக்கைத் தரையில் சம்மணமிட்டு வாசிக்கிறவர் என்று அவரே எழுதியிருக்கிறார்.

சாலிடர்_சாமி:
தரையில சம்மணம்னா வி வேண்டாம், அதுல பேச்சே இல்ல. கீழ் இறக்கை நுனி தரையில ஊன்றும், பெயின்ட் சில்லு சில்லா வரும், கழுத்தும் செங்குத்தா நிக்கும். நாற்காலியிலயோ நின்னோ வாசிக்கத் தயார்னா மட்டும் யோசிங்க. கடைக்குச் சொந்த ஸ்ட்ராப்பை எடுத்துட்டுப் போங்க. மாட்டிட்டு ரெண்டு கையையும் விடுங்க. ஹெட்ஸ்டாக் தானா கீழ எறங்கினா, இடது கை பாரம் சுமந்துக்கிட்டேதான் வாசிக்கணும். சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் போட்டுப் பாருங்க, அப்பவும் எறங்கினா அந்தப் பீஸை வெச்சுட்டு அடுத்ததை எடுங்க.

ப்ளூஸ்பித்தன்:
தம்பி, ஒரு நாற்காலியையும் சேர்த்து வாங்கிடுப்பா.