போதை பற்றிய திகில் நகைச்சுவைக் குறும்படம்: பொம்மை, நீலத் திரவம், திரைக்கதை பற்றி யோசனை தேவை

நிழல்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. 15 நிமிடக் குறும்படம். ஒரே அறை, இரண்டு நடிகர்கள், ஒரு பிராணி. பிராணி பின்கழுத்தில் கடித்து நீலத் திரவம் ஒன்றைச் செலுத்தும், அவனுக்கு உலகமே வண்ணமயமாகும், பதிலுக்கு அதற்கு இரை வேண்டும். ஃப்ராங்க் ஹெனன்லாட்டரின் 'பிரெயின் டேமேஜ்' (1988) படத்தின் தாக்கம்தான், மறைக்கவில்லை. கிராஃபிக்ஸ் வேண்டாம், கையால் இயக்கும் பொம்மைதான். பொம்மைக்கும் மற்ற பொருள்களுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

பொம்மையை எதில் செய்வது, திரவத்தை உண்மையிலேயே ஒளிர வைக்க முடியுமா? அதைவிடப் பெரிய சந்தேகம் திரைக்கதையில். பிரசாரப் படமாகவும் ஆகக்கூடாது, அடிமையானவனைப் பார்த்து ஊர் சிரிக்கிற படமாகவும் ஆகக்கூடாது. வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்? 'ஸ்ட்ரீட் டிராஷ்' பட்டியலில் இருக்கிறது.

மூன்றாம்ஆட்டம்:
முதலில் திரைக்கதை. 'பிரெயின் டேமேஜ்' எப்படி ஆரம்பிக்கிறது என்று மறுபடி பாருங்கள். நாயகன் பிரையனை முதலில் காட்டவே மாட்டார்கள். வயதான தம்பதி, மாரிஸும் மார்த்தாவும். மார்த்தா தட்டில் மூளையோடு குளியலறைக்குப் போகிறாள், தொட்டி காலி, அவர்கள் மூளை கொடுத்து வளர்க்கும் பிராணி அதில் இல்லை. இருவரும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடுகிறார்கள், கடைசியில் தரையில் விழுந்து வாயில் நுரை தள்ளுகிறார்கள். பிராணியை இன்னும் நாம் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம், ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு பிரையன் எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாலும் நமக்கு வயிற்றைப் பிசையும். விலையை முதலில் காட்டிவிட்டதால் பிற்பாடு யாரும் வசனத்தில் புத்தி சொல்லத் தேவையில்லை.

அந்தத் தம்பதி மிருக மூளையை மட்டும் கொடுத்துப் பிராணியைப் பலவீனமாக வைத்திருந்தவர்கள். "அளவோடு எடுத்துக்கொள்கிறோம், எங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்பவர்கள். இந்த ஒரு விவரத்திலேயே அடிமைத்தனத்தின் பாதி உளவியல் வந்துவிடுகிறது.

அடுத்தது, பழைய வண்டிகள் குவிந்த காயலான் கடைக் காட்சி. பிரையனுக்குக் கார் விளக்குகள் ஒளி வெள்ளமாகத் தெரிகின்றன, குழந்தை மாதிரி துள்ளுகிறான். அதே நேரத்தில் காவலாளியின் மண்டைக்குள் பிராணி இறங்குகிறது. இன்பம் ஒரு ஷாட்டில், பிணம் அடுத்த ஷாட்டில், இரண்டும் அவன் கண்ணில் சேர்வதே இல்லை. உங்கள் படத்தின் முதல் பாதி முழுவதையும் இந்த எடிட்டிங் வெட்டை நம்பியே நடத்தலாம்.

பிராணியின் குரலைக் கவனியுங்கள். 1950களிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேய்ப்பட நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற ஜான் சாக்கர்லி பேசியிருக்கிறார். உறுமல் கிடையாது. படித்த, கனிவான, கொஞ்சம் வேடிக்கையான மாமா குரல். சிரிப்பெல்லாம் பிராணியிடமிருந்தே வருகிறது, பிரையனை யாரும் கேலி செய்வதில்லை. தமிழில் தள்ளாடி நடக்கிற குடிகாரனை வைத்துச் சிரிக்கவைக்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நடிகர் தானாகவே அந்தப் பக்கம் சாய்வார், ஒத்திகையிலேயே தடுத்துவிடுங்கள்.

'ஸ்ட்ரீட் டிராஷ்' (1987) உங்களுக்கு உதவாது. மலிவான மதுவைக் குடித்த உடனேயே ஆள் உருகி வழிந்துவிடுகிறான். முதல் மடக்கிலேயே செத்தால் அதில் அடிமைத்தனம் எங்கே? இரண்டாவது டோஸ் இருந்தால்தான் கதை.

வண்ணக்குழம்பு:
'ஸ்ட்ரீட் டிராஷை' அப்படித் தள்ளிவிட வேண்டாம் தோழர். கருவுக்கு உதவாது என்பது சரி, தோற்றத்துக்கு உதவும். உருகும் உடல்களை ரத்தச் சிவப்பில் காட்டாமல் நீலம், மஞ்சள், ஊதா என்று பெயின்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி காட்டியிருப்பார்கள். அருவருப்பும் சிரிப்பும் ஒரே ஷாட்டில் நிற்பதற்கு அந்த நிறங்கள்தான் காரணம். கழிப்பறையில் உருகும் காட்சியை மட்டுமாவது ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பாருங்கள்.

கருவுக்கு லாரி கோஹனின் 'தி ஸ்டஃப்' (1985). தரையிலிருந்து பொங்கும் வெள்ளைப் பொருளை இனிப்பு என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள், நாடே விழுந்து தின்கிறது. தானும் தின்பதாகக் குடும்பத்தை நம்பவைக்க ஒரு சிறுவன் டப்பாவில் சவர நுரையை நிரப்பித் தின்பான். வீட்டில் எல்லாரும் ஒரே போதையில் இருக்கும்போது தெளிவாக இருப்பவன்தான் அந்நியன். அதைச் சொல்ல ஒரு டப்பா நுரை போதுமாக இருந்திருக்கிறது! உங்கள் இரண்டாவது நடிகருக்கு இந்த மாதிரி ஒரு வேலை கொடுங்கள். சும்மா இரையாக மட்டும் வைக்காதீர்கள்.

ரப்பர்தோல்:
பொம்மைக்கு வருகிறேன். இந்த பட்ஜெட்டில் சிலிக்கான் வேண்டாம். பிளாட்டினம் வகை சிலிக்கான் கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. கந்தகம் கலந்த களிமண்ணில் வார்த்தாலோ, ரப்பர் கையுறையோடு தொட்டாலோ பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், மொத்தக் காசும் போச்சு. திரவ ரப்பர் பால் எடுங்கள். 60% செறிவு, அம்மோனியா கலந்தது, கன்னியாகுமரிப் பக்கமும் கேரளாவிலும் எளிதாகக் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், நெடி கண்ணை எரிக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ள நடிகர் என்றால் இந்த வழியே வேண்டாம்.

எண்ணெய்க் களிமண்ணில் உருவம் செய்யுங்கள். காய்ந்தபின் ரப்பர் சுருங்கும், அதனால் நினைத்த அளவைவிடச் சற்றுப் பெரிதாக, 30 செ.மீ. வேண்டுமென்றால் 32 வரை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு துண்டு அச்சு. அச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டர் நீரை உறிஞ்சுவதால்தான் ரப்பர் சுவரில் படியும். எண்ணெயோ வாசலினோ தடவினால் அந்த உறிஞ்சலும் கெடும், ரப்பரும் அரிக்கும். பாலை நிரப்பி அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள், 2 மி.மீ. அளவுக்குத் தோல் நிற்கும். முழுதாகக் காய்ந்தபின் உரிக்கும்போது உள்ளும் புறமும் டால்கம் பவுடர் போட்டுக்கொண்டே உரியுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

நிறத்தை ரப்பர் பாலிலேயே கலந்து பூசுங்கள். வெறும் அக்ரிலிக் முதல் வளைவிலேயே வெடிக்கும்.

வாய்க்கு சைக்கிள் பிரேக் கேபிள். உள்கம்பி தாடையை இழுக்கும், ரப்பர் பேண்ட் மூடும். பலர் சறுக்குவது இங்கேதான். வெளிக்குழாயின் இரண்டு முனைகளையும் பொம்மைக்குள் வைக்கும் மரக்கட்டையிலும் கைப்பிடியிலும் இறுக்கிக் கட்டவில்லை என்றால் தாடை அசையாது, குழாய்தான் நெளியும். கூர்மையாக மடங்காமல் அகலமாக வளைத்துக் கொண்டுபோங்கள், மடங்கினால் அசைவு விட்டுவிட்டு வரும். வாயோரத் தோலை 1 மி.மீ.க்கு மேல் விடவே கூடாது. தடித்தால் வாய் பாதிதான் திறக்கும்.

வசனத்தை முன்பே பதிவு செய்து படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு இயக்குங்கள். அழுத்தமான அசைகளில் வாய் திறக்க வேண்டும். சொல்லின்மேல் வாய் மூடினால் வசனத்தைக் கடித்துத் தின்பது மாதிரி தெரியும்.

நிழல்பெட்டி:
மிக்க நன்றி அனைவருக்கும். இரண்டாவது நடிகரின் பாத்திரத்தை மாற்றி எழுதப்போகிறேன். நீலத் திரவம் ஒளிர்வது பற்றி யாராவது சொல்லுங்கள். போதை இறங்கும் காட்சியில் நடிகருக்கு எந்த அறிகுறிகளைக் கொடுப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

வண்ணக்குழம்பு:
டானிக் வாட்டரில் உள்ள குயினைன் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். குழைவுக்கு மெத்தில் செல்லுலோஸ், கெட்டியாகும் ரகம், லிட்டருக்கு 20 கிராம். இது சுடுநீரில் கரையாது, குளிர்நீரில்தான் கரையும். அதனால் 300 மி.லி. கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழுள்ள நீரில் தூளைப் பரவலாகக் கலக்கி, அதன்பின் குளிரவைத்த 700 மி.லி. டானிக் வாட்டரை ஊற்றிக் கலக்குங்கள். நேராகக் குளிர்நீரில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். டானிக் வாட்டரின் வாயுவை முன்னாடியே கலக்கி வெளியேற்றிவிடுங்கள், சர்க்கரை இல்லாத வகையாக வாங்குங்கள். ஒரு இரவு குளிர்பெட்டியில் வைத்தால் குமிழி அடங்கும்.

உப்பு சேர்ந்தால் ஒளிர்வு மங்கிவிடும், குளோரைடு அதை அணைக்கும். புற ஊதா விளக்கு 365 நானோமீட்டர் அலைநீளத்தில் வாங்குங்கள். 395 மலிவுதான், ஆனால் அதன் ஊதா வெளிச்சம் காட்சி முழுக்கப் பரவி நீலத்தை விழுங்கும். நடிகர் விளக்கை நேராகப் பார்க்கக்கூடாது. மற்ற விளக்குகளை நன்றாகக் குறைத்து, கேமராவில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பொருந்தாத ஷட்டரில் எல்ஈடி மினுக்கலாம்.

மூன்றாம்ஆட்டம்:
அறிகுறிகள்: எந்தப் போதையின் உடலை நடிக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஹெராயின் வகை என்றால் கடைசி டோஸிலிருந்து 8 முதல் 24 மணிக்குள் ஆரம்பிக்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப் பிடிப்பு, தூக்கமின்மை. இரண்டு மூன்று நாளில் உச்சம். மது என்றால் 6 மணியிலிருந்தே கைநடுக்கம், வியர்வை, அப்புறம் பிரமைகள். 48 மணிக்கு மேல் பிதற்றலும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. இரண்டையும் கலந்து நடித்தால், வீட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே பொய்யாகத் தெரியும். கொட்டாவியை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாரும் எதிர்பார்க்காத அறிகுறி, அதனாலேயே நம்பிக்கை வரும்.

காட்சியை எடுப்பதற்கு மாதிரி அதே படத்தில் இருக்கிறது. மலிவு விடுதி அறை, தரையில் பிரையன் துடிக்கிறான், கைகழுவும் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு பிராணி 1940களின் பாட்டு ஒன்றை உற்சாகமாகப் பாடுகிறது. அவசரமே இல்லாத பிராணி, ஒவ்வொரு நிமிடமும் தவிக்கிற மனிதன். ஒரே அறைதான், உங்கள் பட்ஜெட்டுக்கும் சரி. 15 நிமிடத்தில் குறைந்தது 4 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கொலைகளில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை.